தைலம் அப்புறம்... முதலில் அந்தப் படியைப் பாருங்கள்!

'டாக்டர், எங்க அப்பாவுக்கு ரெண்டு வருஷமா மூட்டு வலி. நல்ல தைலமா ஒண்ணு எழுதிக் கொடுங்களேன்...'

இப்படிக் கேட்டுக்கொண்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்கிற கேள்வி கொஞ்சம் விநோதமாக இருக்கும். 'உங்க வீட்டுல கொல்லைப்பக்கம் போக எத்தனை படி? ஒவ்வொரு படியும் எவ்வளவு உயரம்?'

பாதிப் பேர் முழிப்பார்கள். பிறந்ததிலிருந்து ஏறி இறங்குகிற படிதான். ஆனாலும் எண்ணிப் பார்த்ததே இல்லை! மீதிப் பேர், 'அதுக்கும் மூட்டு வலிக்கும் என்ன சார் சம்பந்தம்?' என்பார்கள்.

நிறையவே இருக்கிறது. சமதரையில் நடக்கும்போது முழங்கால் மூட்டுக்குள் விழுகிற பாரம், நம் உடம்பு எடையைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. படி ஏறும்போது அது மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. இறங்கும்போது இன்னும் கொஞ்சம் கூடி, மூன்றரை மடங்கை நெருங்குகிறது. செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவியைப் பொருத்தி ஜெர்மனியில் அளந்து, 2010-ல் வெளியிட்ட கணக்கு இது. அதாவது, 60 கிலோ எடையுள்ள ஒரு அம்மா ஒரு படி இறங்கினால், அவருடைய முழங்காலுக்குள் 200 கிலோ! 'ஏறக்கூட ஏறிடுறேன் டாக்டரய்யா, இறங்கத்தான் உசுரு போகுது' என்று வயதானவர்கள் சொல்வது வெறும் புலம்பல் இல்லை என்பது புரிகிறதா?

முழங்கால் தேய்மானத்தை சித்த மருத்துவத்தில் 'அழல் கீல் வாயு' என்போம். உளுந்துத் தைலம் தேய்க்கலாம், பிண்டத் தைலம் தேய்க்கலாம், வெந்நீர் ஒத்தடம் கொடுக்கலாம், வாரம் இரண்டு நாள் முடக்கறுத்தான் அடை சாப்பிடலாம். எல்லாவற்றிலும் பலன் உண்டு. ஆனால், காலையில் அரை மணி நேரம் தைலம் தேய்த்துவிட்டு, பொழுதுக்கும் பத்துத் தடவை முக்கால் அடி உயரக் கல்படியில் ஏறி இறங்கினால்? ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான். நோயை உண்டாக்கும் காரணத்தை விலக்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்று பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்த பாடமே அதுதான்.

அந்தக் காரணத்தை விலக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சாய்தளம்! கொத்தனார் பாஷையில் 'ராம்பு'. அதை வீட்டு வாசலுக்குக் கட்டச் சொல்லி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது வேறு இடத்துக்கு... உங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கும் தொழுவத்துக்கு, சாமான் கொட்டகைக்கு!

தொழுவத்துக்கா? ஆமாம்!

'அங்க என்ன வேலை இருக்கு இந்த வயசுல? பேசாம திண்ணையில உக்கார வேண்டியதுதானே...' இதைச் சொல்லாத மகனோ மகளோ உண்டா? பாசத்தில்தான் சொல்கிறோம். ஆனால், விளைவு என்ன தெரியுமா?

கரிசல் காட்டு ஊர்களில் குமாரலிங்கபுரமும் ஒன்று. அங்கே ஒரு சம்சாரி வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்தேன். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் ஒரு பக்கம் ஒரு பசுவும் கன்றும். இன்னொரு பக்கம் கலப்பை, மண்வெட்டி, உர மூட்டை, குதிரைவாலி விதை, பருத்தி விதை. கொட்டகையின் தரை முற்றத்தைவிட 14 அங்குலம் உயரம். அடைமழையில் தண்ணீர் ஏறி விதை நனைந்துவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் அவரே உயர்த்திப் போட்ட தரை. ஏறுவதற்கு இரண்டு கல்படி. பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

முதலில் மாட்டுக்குத் தீவனம் வைப்பதை நிறுத்தினார். பிறகு விதையைப் பார்த்துப் புரட்டி வைப்பதை மருமகள் எடுத்துக்கொண்டார். 'மாமா, நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்' என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னது. ஆறே மாதம். திண்ணையில் உட்கார்ந்தவர் கட்டிலுக்குப் போனார். கட்டிலில் இருந்து எழுந்திருக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. வீட்டில் எல்லோரும் மூட்டு வலி முற்றிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். தொட்டுப் பார்த்தேன். முழங்கால் முன்பு இருந்த மாதிரிதான் இருந்தது. தொடைதான் பாதியாகியிருந்தது!

தசை அப்படித்தான். உபயோகிக்காவிட்டால் இருக்காது. 2007-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர்தான். நல்ல ஆரோக்கியமான, அறுபதைத் தாண்டியவர்கள். பத்தே நாள் படுக்கையில் இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை காணாமல் போயிருந்தது. நோய் எதுவும் இல்லாதவர்களுக்கே பத்து நாளில் இந்தக் கதி என்றால், வலிக்குப் பயந்து ஆறு மாதம் உட்கார்ந்தவர் நிலைமையை யோசியுங்கள். தொடைத் தசை போனால் முழங்காலைத் தாங்க ஆள் இல்லை. வலி இன்னும் கூடும். வலி கூடினால் இன்னும் நடக்க மாட்டார். இப்படியே சுற்றிச் சுற்றி வந்து படுக்கையில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சம்சாரிக்கு அவருடைய தொழுவம்தான் ஆபீஸ். எந்த விதையை எடுத்து வைப்பது, மாடு எப்போது சினைக்கு வரும், மழைக்கு முன் எந்த ஏரைச் சரி செய்வது என்பதெல்லாம் அங்கே நின்றுதான் தீர்மானமாகும். அங்கே போக முடியாதவரை வீட்டில் யாரும் யோசனை கேட்பதில்லை. பெரியவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்... 'மாடு கத்துதுய்யா. நான் இங்க கெடக்கேன்னு அதுக்குத் தெரியுது.' இதற்கு எந்த சூரணத்தை எழுதிக் கொடுப்பது?

நகரத்து வாசகர்களே, உங்கள் வீட்டில் மாடு இல்லாமல் இருக்கலாம். ஆனால், பின்பக்கம் ஒரு ஷெட் இருக்கும். அதில் அப்பாவின் டூல்ஸ் பெட்டியோ, அம்மாவின் செடித் தொட்டிகளோ இருக்கும். கதை ஒன்றுதான்!

மோட்டார் சைக்கிளுக்கு உண்டு, மாமனாருக்கு இல்லை!

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சரிவு இருந்தது. மகன் தன்னுடைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்றுவதற்காகப் படிக்குப் பக்கத்தில் சிமென்ட்டில் போட்டது. 14 அங்குல உயரத்துக்கு மூன்றரை அடி நீளம். அதாவது, ஒரு பங்கு உயரத்துக்கு மூன்று பங்கு நீளம். தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நடந்து பாருங்கள், வீட்டுக்கு வீடு இந்த மாதிரி வழவழப்பான குட்டிச் சரிவு இருக்கும். என்ஜின் இருக்கிற வண்டி அதில் ஏறிவிடும். கைத்தடி வைத்த மனிதர் ஏற முடியாது. ஏறினாலும் இறங்க முடியாது.

பெரியவர் முயற்சி பண்ணியிருக்கிறார்! ஐப்பசித் தூறலில் ஒரு நாள் யாருக்கும் தெரியாமல் அதில் இறங்கி, வழுக்கி, கையை ஊன்றி, மணிக்கட்டு வீங்கிப்போய்த்தான் எனக்கு ஆள் வந்தது. எண்ணெய்க் கட்டுப் போடச் சொன்னார்கள். நான் முதலில் அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். நல்லவேளை, விரிசலோடு போனது. அதுவே இடுப்பெலும்பாக இருந்திருந்தால்? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன கணக்குப்படி, கீழே விழுந்து சாகிறவர்கள் வருஷத்துக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர். அதில் அறுபது வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

ஒன்றுக்குப் பன்னிரண்டு

சரி, எவ்வளவு சரிவு இருக்கலாம்? பல இடங்களில் ஒப்புக்கொண்ட கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம். மனசில் வைத்துக்கொள்ள எளிதான வழி... எத்தனை அங்குல உயரமோ, அத்தனை அடி நீளம். 14 அங்குலத்துக்கு 14 அடி. மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. இடம் இருந்தால் ஒன்றுக்குப் பதினைந்து, இருபது என்று இன்னும் படுக்கையாகப் போடுங்கள், புண்ணியமாகப் போகும்!

இதைச் சொன்னதும் கொத்தனார் சிரித்துவிட்டார். 'சார், 14 அடின்னா கார் ஏத்துற நீளம்ல்ல போகுது! நாலு அடியில கச்சிதமா முடிச்சுத் தாரேன்...' 'அண்ணாச்சி, ஒரு கணக்கு சொல்றேன், கேளுங்க' என்றேன்.

எங்கள் பக்கத்துக் கரிசல் ஊர்களில் பெண்கள் தண்ணீர்க் குடங்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள், பார்த்திருப்பீர்கள். ஆறு குடம், வண்டியோடு சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு மூன்று சரிவில் அதைப் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்தவே 30 கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் 8 கிலோ சொச்சம் போதும். அந்த வீட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஒவ்வொரு குடமாக இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். அவருக்கும் வயது அறுபத்தைந்து! கணக்கைக் கேட்டதும் முதலில் சம்மதம் சொன்னது பெரியவர் இல்லை, அந்த அம்மாதான். 'அப்ப எனக்காகவாவது போடுங்கப்பா!'

செங்குத்தான சரிவும் ஒரு காலத்தில் நமக்குப் பயன்பட்டது. கமலை இறைத்த கிணறுகளை நினைத்துப் பாருங்கள். காளைகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கும், தண்ணீர் மேலே வரும். காளையின் எடையும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்பதற்காகவே வெட்டிய சரிவு அது. கீழே இழுப்பதுதான் சரிவின் குணம். கமலையில் அது லாபம். பலம் குறைந்த காலுக்கு அதுவே நஷ்டம்.

நீளத்துக்கு இடம் இல்லையா? நேராகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது! ஏழு அடி போய், ஐந்துக்கு ஐந்து அடி சமதளம் போட்டு, சுவரோரமாகத் திருப்பி இன்னொரு ஏழு அடி போகலாம். குமாரலிங்கபுரத்தில் முற்றத்தில் முருங்கை நின்றதால் அப்படித்தான் திருப்பினோம். உயரம் இரண்டரை அடிக்கு மேல் போனால் நடுவில் இப்படி ஒரு சமதளம் கட்டாயம் வேண்டும், மூச்சு வாங்க. கொட்டகைக் கதவுக்கு முன்னாலும் அதே அளவு சமதளம் விடுங்கள். சரிவிலேயே நின்றுகொண்டு ஒரு கையில் தடி, இன்னொரு கையில் தாழ்ப்பாள் என்றால் என்ன ஆகும்? அகலம் நான்கு அடி. சக்கர நாற்காலியும் போகும், மாடும் போகும்.

கரிசல் மண்ணின் குணம்

இந்தப் பகுதிதான் முக்கியம். மதுரைக்குத் தெற்கே கரிசலில் வீடு வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை, வைகாசியில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய கொட்டகையின் அஸ்திவாரம் ஆழத்தில் இருக்கும், அவ்வளவாக அசையாது. புதிதாக மேலாகப் போட்ட சாய்தளமோ ஐப்பசியில் எழும்பும், பங்குனியில் இறங்கும். இரண்டையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினால், இரண்டில் ஒன்று பிளக்கும். 'ராம்பு போட்டோம் சார், ஒரே வருஷத்துல வெடிச்சுப்போச்சு' என்று சொல்பவர்கள் வீட்டில் நடந்தது இதுதான். சிமென்ட் குறைவு என்று கொத்தனாரைத் திட்டுவார்கள்!

என்ன செய்ய வேண்டும்? சாய்தளம் வரும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒரு அடி கூடுதலாக விட்டு, கரிசலை இரண்டு அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய மண்ணைத் திரும்பப் போட்டு நிரப்பாதீர்கள். செலவு மிச்சம் என்று ஆசையாகத்தான் இருக்கும்! சரளை மண் வாங்கி, அரை அடி அரை அடியாகக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்க வேண்டும். வெறும் ஆற்று மணலோ எம்-சாண்டோ வேண்டாம். கரிசல் குழிக்குள் அது தண்ணீர்த் தொட்டி மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 14 அடிச் சாய்தளத்துக்கும் சமதளத்துக்கும் சேர்த்து இரண்டிலிருந்து மூன்று யூனிட் சரளை பிடிக்கும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. கொட்டகைச் சுவர் பழைய மண் சுவராக இருந்தால் அதை ஒட்டி ஆழமாகத் தோண்டக் கூடாது. ஒரு அடி தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள். சுவரே உட்கார்ந்துவிட்டால் அப்புறம் சாய்தளம் எதற்கு!

அதற்கு மேல் நான்கு அங்குலக் கனத்தில் ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவையில் கான்கிரீட். தளத்துக்கு மட்டும் ஏறக்குறைய ஐந்து மூட்டை சிமென்ட் ஆகும். பக்கச் சுவருக்கு வேறு. கொட்டகைத் தரையும் சாய்தளமும் சேருமிடத்தில் அரை அங்குல இடைவெளி விட்டு, அதில் தார் அட்டையைச் செருகி மட்டமாக முடித்துவிடுங்கள். இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கட்டும், ஒன்றை ஒன்று இழுக்காது.

மேல்பரப்பைத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவதில் நம் கொத்தனார்களுக்கு ஒரு பெருமை. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்! ஈரம் உலரும் முன் தென்னந்துடைப்பத்தால் குறுக்குவாட்டில் கோடு இழுத்துவிட்டால் போதும். மாடு ஏறி இறங்குவதாக இருந்தால், கை அகலத்துக்கு ஒரு கோடாக, கம்பியை அழுத்திக் கொஞ்சம் ஆழமாகவே வரி போடுங்கள். சாணியும் தண்ணீரும் சேர்ந்த வழவழப்பான சிமென்ட்டில் மாடும் வழுக்கும், மனிதனும் வழுக்குவான். டைல்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம்.

பத்து நாள் தண்ணீர் காட்ட வேண்டும். குடத்தில் தண்ணீர் வாங்குகிற ஊரில் இது பெரிய சங்கடம்தான். பழைய சாக்குகளை நனைத்துப் போர்த்திவிட்டால், காலையும் மாலையும் இரண்டு குடத்தில் காரியம் முடிந்துவிடும்.

கைப்பிடி ஒரு பக்கம் போதுமா?

போதாது! இதை ஒரு வைத்தியனாக அழுத்திச் சொல்கிறேன்.

பக்கவாதம் வந்த ஒருவருக்கு இடது கை, இடது கால் பலவீனம் என்று வையுங்கள். வலது கையால்தான் பிடிப்பார். கொட்டகைக்கு ஏறும்போது கைப்பிடி வலது பக்கம் இருந்தால் சரி. திரும்பி இறங்கும்போது? அதே கைப்பிடி அவருடைய இடது பக்கம் வந்துவிடும்! போன மனிதர் வர முடியாது. பள்ளிக்கூடங்களில், ஓட்டுப் போடப் போகும்போது நீங்களே பாருங்கள், எத்தனை சாய்தளத்தில் ஒரு பக்கம் மட்டும் பைப் வைத்திருக்கிறார்கள் என்று. போட்டவர்கள் யாரும் அதில் இறங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒன்றரை அங்குல விட்டமுள்ள ஜி.ஐ. பைப் கைக்கு அடக்கமாக இருக்கும். தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் ஒன்று. கூன் விழுந்தவர்களுக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் இரண்டரை அடியில் இன்னொன்று. சரிவு ஆரம்பிக்கும் இடத்துக்கு ஒரு அடி முன்பே கைப்பிடி ஆரம்பிக்க வேண்டும், முடிந்த பிறகும் ஒரு அடி போக வேண்டும். முதல் எட்டிலும் கடைசி எட்டிலும்தான் தடுமாற்றம் அதிகம். சித்திரை வெயிலில் இரும்பு பைப் கையைச் சுடும். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி அதன்மேல் சுற்றிவிட்டார் குமாரலிங்கபுரத்து மகன். எனக்குத் தோன்றாத யோசனை! ஓரங்களில் மூன்று, நான்கு அங்குல உயரத்துக்கு ஒரு வரப்பு கட்டிவிடுங்கள். தடியின் நுனியோ வண்டிச் சக்கரமோ வெளியே நழுவாது.

ஒரு எச்சரிக்கை. சாய்தளம் வந்துவிட்டது என்று பழைய படிகளை இடித்துத் தள்ளிவிடாதீர்கள். கணுக்கால் விறைத்துப்போனவர்களுக்கும், நடுக்கவாதம் உள்ளவர்களுக்கும் சரிவில் இறங்குவது சிரமம். கால் தானாக வேகமெடுத்துவிடும். அவர்களுக்கு அரை அடிக்குக் குறைவான உயரமும், கால் முழுசாகப் பதிகிற அகலமும், கைப்பிடியும் உள்ள படிதான் நல்லது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலியுள்ள கால் முதலில். இதைப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். சக்கர நாற்காலியை இறக்கும்போது, தள்ளுகிறவர் பின்பக்கமாக நடந்து மெதுவாக இறங்கினால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிய மாட்டார்.

கடற்கரை வரை போன சாய்தளம்

சாய்தளம் என்பது ஊனமுற்றவர்களுக்காக அரசாங்கம் கட்டுகிற ஏதோ ஒன்று என்ற எண்ணம் நம் வீடுகளில் இருக்கிறது. அரசாங்கம் கட்டத்தான் வேண்டும். 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைச் சொல்கிறது. அந்த விதிகளை வெறும் யோசனையாக விடாமல் கட்டாயமாக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் தீர்ப்பும் சொல்லிவிட்டது. ஆனால், இதெல்லாம் பொது இடங்களுக்கு. உங்கள் வீட்டுத் தொழுவத்துக்கு எந்தச் சட்டமும் வராது. நீங்கள்தான் வர வேண்டும்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27-ம் தேதி ஒரு மரச் சாய்தளப் பாதையைத் திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், செலவு 1 கோடியே 14 லட்ச ரூபாய். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் மணலைத் தாண்டி அலைக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்பதுதான் நோக்கம். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து, கடல் பக்கத்து முனையைப் பெயர்த்துப் போட்டுவிட்டது. பிறகு சரி செய்தார்கள். அது கடல், இது கரிசல். மண்ணோ தண்ணீரோ எந்தப் பக்கமிருந்து வந்து அடிக்கும் என்று பார்த்துக் கட்ட வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. அந்தப் பாதையில் போய் முதன்முறையாக அலையைக் கிட்டத்தில் பார்த்தவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. முகத்தைப் பார்த்தீர்களா? கடற்கரையில் அவர்களுக்கு 'என்ன வேலை' என்று யாராவது கேட்டால் நமக்குக் கோபம் வருமல்லவா? தொழுவத்துக்கும் அதே கோபம் வரட்டுமே.

கட்டிய பிறகு...

பெரியவர் முதல் வாரம் கீழ்ச் சமதளம் வரைதான் போனார். அங்கே ஒரு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து, தொடையை இறுக்கிக் காலை நீட்டி, மனசுக்குள் ஐந்து எண்ணி இறக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். வீட்டில் நீங்களும் செய்யலாம், மூட்டு வலிக்காரர்களுக்கு இதைவிடச் சிக்கனமான மருந்து கிடையாது. மூன்றாவது வாரம் ஒரு கையில் தடியும் ஒரு கையில் கைப்பிடியுமாக மேலே போய்விட்டார். முழங்கால் வலி போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? போகவில்லை. தேய்ந்த மூட்டு தேய்ந்ததுதான். தைலமும் தொடர்கிறது. ஆனால், இப்போது அவராகவே எழுந்திருக்கிறார். காலையில் மாட்டுக்கு நாத்துத் தட்டை போடுவது அவர் வேலை. அந்த வருஷம் குதிரைவாலி விதையில் வண்டு விழுந்திருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான். மருமகள் என்னிடம் குறையாகவே சொன்னது, 'இப்பல்லாம் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போயி, நான் வச்சது சரியில்லைன்னு மாத்தி மாத்தி வைக்கிறாரு டாக்டர்!'

கட்டுவதற்கு முன் சந்தேகமாக இருந்தால் ஒரு பரீட்சை செய்து பாருங்கள். கனமான பலகை ஒன்றை ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் சாய்த்து வைத்து, அடியில் மணல் மூட்டை முட்டுக் கொடுத்து, பெரியவரை நீங்கள் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு நடக்க விடுங்கள். அவர் பாதம் எப்படிப் பதிகிறது, எந்தக் கை தானாகப் பிடிமானத்தைத் தேடுகிறது என்பது தெரிந்துவிடும். உயரத்தைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். தண்ணீர் நிரப்பிய ட்யூபை வைத்து மட்டம் பார்க்கக் கொத்தனாருக்குத் தெரியும். முற்றமே சரிந்திருப்பது பல வீடுகளில் அப்போதுதான் தெரியவரும்!

கட்டி முடித்த பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை கவனிக்க வேண்டும். கார்த்திகையில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றிக் கட்டைத் துடைப்பத்தால் தேய்த்துவிடுங்கள். கூரைத் தண்ணீர் சாய்தளத்தின் ஓரத்தில் சொட்டினால், ஒரு தகரத் தாழ்வாரம் வைத்து மூன்று அடியாவது தள்ளி விழ வையுங்கள். அந்த ஈரம்தான் கரிசலை உப்ப வைக்கும். சித்திரையில், கொட்டகைத் தரையும் சாய்தளமும் சேருமிடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். தளம் இறங்கி அரை அங்குலத்துக்கு மேல் விளிம்பு எழும்பியிருந்தால், பெரியவரின் கட்டைவிரல் அதில்தான் இடிக்கும். வரி போட்ட இரும்புத் தகடு ஒன்றை வாங்கி, இரண்டு தரையையும் மூடுகிற மாதிரி வைத்து, கொட்டகைப் பக்கம் மட்டும் திருகாணி போடுங்கள். சாய்தளத்தின் பக்கம் போடாதீர்கள். மழை வந்ததும் தளம் திரும்ப எழும்பும்.